ரெண்டு பிள்ளை பொறந்தாச்சு, இனி அது எதுக்கு?

கவரைப்பேட்டை என்றதும் உங்களுக்கு 2024 அக்டோபரில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது ஞாபகம் வரும். எனக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்தான் ஞாபகம் வருகிறது.

என் சித்தப்பா மகள் அங்கே குடியிருக்கிறாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. வயது 38. மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. ஸ்கேனில் நாலு சென்டிமீட்டர் நார்க்கட்டி ஒன்று. பார்த்த தனியார் டாக்டர் இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்: “ரெண்டு பிள்ளை பொறந்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துடலாம்மா. விட்டா கேன்சர் ஆயிடும்.”

நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. அப்படி மாறுவது மிக மிக அபூர்வம். மாதவிடாய் நின்றபின் தானே சுருங்குகிற சங்கதி. இதெல்லாம் அந்த டாக்டருக்குத் தெரியாதா என்ன?

சின்ன வயசில் லென்ஸால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்களே, அதே வித்தையில் ஒரு சிகிச்சை இருக்கிறது. வெயிலுக்குப் பதில் அல்ட்ராசவுண்ட். எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே கட்டியின் மீது ஒலியைக் குவித்து, அறுபது டிகிரிக்கு மேல் சூடாக்கி, திசுவைச் சாகடிக்கிறார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது 2004 அக்டோபரில்!

எல்லோருக்கும் பொருந்தாது. கட்டிகள் நிறைய இருந்தாலோ, ஒலி போகிற வழியில் குடல் குறுக்கிட்டாலோ முடியாது. திரும்ப வளரவும் கூடும். ஆனால் மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் காப்பர்-டி போன்ற சாதனம் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுப்பது இருக்கிறது, ரத்தக்குழாயை அடைப்பது இருக்கிறது. காண்டலீசா ரைஸ் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்ட அதே வாரம், 2004 நவம்பரில், இந்தக் கடைசி வழியில் சிகிச்சை செய்துகொண்டு மறுநாளே வீடு திரும்பினார். நம் சிப்காட் பெண்ணுக்கு மட்டும் ஒரே வழியா?

நான் பி.காம். படித்தவன். எனக்குக் கணக்குதான் புரியும். ஆபரேஷன் தியேட்டர் ஏற்கெனவே இருக்கிறது. பெட் வாடகை, மயக்க மருந்து, மருந்துக் கடை, இன்சூரன்ஸ் பேக்கேஜ் எல்லாம் வரவு. கோடிகளில் மெஷின் வாங்கி, ஒரே நாளில் பேஷன்ட்டை அனுப்பி வைக்க எந்த முதலாளிக்குப் பைத்தியம்? தினக்கூலியை விட்டு ஆறு வாரம் வீட்டில் கிடப்பது அவர்கள் லெட்ஜரில் ஏறாத செலவு.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மூன்று வருடத்தில் 4,605 கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டன என்று 2019-ல் அமைச்சரே சட்ட மேலவையில் சொன்னார். அங்கே பலர் கரும்பு வெட்டும் பெண்கள். டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் தொடுத்த வழக்கில், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. உங்கள் ஊர் நர்சிங் ஹோம் சுவரில் அதைப்பற்றி ஒரு வரியாவது பார்த்தீர்களா?

தங்கையை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கூட்டம், காத்திருப்பு, எல்லாம் உண்டு. மாத்திரை கொடுத்தார்கள். கட்டி அப்படியேதான் இருக்கிறது. உதிரப்போக்கு நாலு நாளாகக் குறைந்திருக்கிறது. முதல் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வாரம் தவறாமல் போன்: “மேடம், எப்ப அட்மிட் ஆகறீங்க?”