டாப் 10-ல் நம்ம ஆல்பத்தைக் காணோமே!

டிசம்பர் நெருங்கினாலே போதும், 'இந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்கள்' என்று பிட்ச்ஃபோர்க், ரோலிங் ஸ்டோன், கார்டியன் என ஆளுக்கொரு பட்டியலோடு வந்துவிடுகிறார்கள். ஆங்கில இசை கேட்கிறவர்கள் அதில், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் நம்பர் தேடுவதைப் போலத் தேடுவோம். வருடம் முழுக்க ரசித்த ஆல்பம் இருக்காது. முதல் பத்தில் பாதிப் பேரின் பெயரே புதிதாக இருக்கும்.

உடனே, 'நமக்கு வயசாகிவிட்டதோ, ரசனை போதாதோ?' என்று தோன்றும். இல்லையென்றால், 'இந்த விமர்சகர்களுக்கு என்னதான் தெரியும்?' என்று கோபம் வரும். எனக்கு இரண்டுமே வரும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆனால் இந்தப் பட்டியல்கள் தயாராகும் விதத்தைப் பார்த்தால், இரண்டுக்கும் அவசியமே இல்லை.

நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை பல ஆண்டுகள் நடத்திய 'பாஸ் அண்ட் ஜாப்' வாக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கலந்துகொண்ட ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளிகள். அதை 10 ஆல்பங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆல்பத்தை 20 பேர் உயிராக நேசித்து ஆளுக்கு 30 கொடுத்தால், மொத்தம் 600. இன்னொன்றை 100 பேர் 'நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்து ஆளுக்கு 10 கொடுத்தால், 1,000. இரண்டாவதுதான் ஜெயிக்கும். உங்கள் ஆல்பத்தை உங்களைப் போலவே நேசித்த விமர்சகர்கள் உள்ளே இருந்திருக்கலாம். கூட்டலில் அவர்கள் குரல் அமுங்கிப்போயிருக்கும்.

அடுத்தது, காலண்டர். பியான்சே 2013 டிசம்பர் 13 அன்று, முன்னறிவிப்பே இல்லாமல் ஓர் ஆல்பத்தை வெளியிட்டார். அதற்குள் பல பட்டியல்கள் வெளியாகியிருந்தன! மறுவருடம் டிசம்பர் நடுவில் டிஏஞ்சலோவின் 'பிளாக் மெசையா' வந்தது. 14 ஆண்டுகள் கழித்து அவர் தந்த ஆல்பம். முந்திக்கொண்ட பட்டியல்களில் அது இல்லை. சில வாரங்கள் தள்ளி முடிவு சொன்ன பாஸ் அண்ட் ஜாப்பில் அதற்குத்தான் முதலிடம்.

வருடங்கள் போகப் போக பட்டியல் இன்னும் மாறும். லெட் செப்லினின் முதல் ஆல்பத்தை 1969-ல் கிழித்துத் தொங்கவிட்டது ரோலிங் ஸ்டோன். அதே பத்திரிகை 2003-ல் வெளியிட்ட 'எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்கள்' வரிசையில் அதற்கு 29-வது இடம். அந்த வரிசையில் முதலில் நின்ற பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்', 2020-ல் 24-வது இடத்துக்கு இறங்கியது.

விமர்சகரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வருடத்துக்குப் பல நூறு ஆல்பங்கள் கேட்டாக வேண்டிய வேலை அது. தினமும் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு வடையும் பாயசமும் அலுத்துப்போகும். இலையில் புதுசாக ஒரு துவையல் விழுந்தால் நிமிர்ந்து உட்காருவார். நாம் அப்படியா? ஒரே ஆல்பத்தை பஸ்ஸிலும் சமையற்கட்டிலும் 200 தடவை கேட்கிறவர்கள்.

சில வருடங்களுக்கு முன் என் அப்பா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். அந்த மூன்று வாரமும் காதில் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்'. மொத்தமே 28 நிமிடம்தான். ஆல்பம் முடியும்போது ஸ்டாப்பிங் வந்துவிடும். இறங்கி நடக்கையில் கொஞ்சம் தைரியம் இருக்கும். அது 1972-ல் வந்த ஆல்பம். அப்போது வாங்கியவர்கள் மிகக் குறைவு. 1974-ல், 26 வயதில் டிரேக் இறந்துபோனார். 1999-ல் ஒரு கார் விளம்பரத்தில் அதன் பாடல் ஒலித்த பிறகுதான் விற்பனை எகிறியது. எனக்கு அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் அதுதான். எந்தப் பட்டியலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இது என் ஒருத்தர் கதையில்லை. 2022-ல் அமெரிக்காவில் கேட்கப்பட்ட இசையில் 70 சதவிகிதத்துக்கும் மேல், வெளிவந்து ஒன்றரை வருடம் தாண்டியவை. பெரும்பாலானவர்களின் வருடம், அந்த வருடத்துப் பட்டியலில் இல்லை.

அப்படியென்றால் பட்டியலே வேண்டாமா? வேண்டும். நாமாகத் தேடிப் போயிருக்காத ஆல்பங்கள் அதில்தான் கிடைக்கும். இந்த முறை 30-க்குக் கீழே இருப்பதில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். சிலர் உயிராக நேசித்து, கூட்டலில் பின்தங்கியவை அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேளுங்கள். பிடிக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். ஆபீஸில் யாராவது கேட்டால் 'பிரமாதம்' என்று தலையாட்ட வேண்டாம். பொய்யாக ரசிக்கப் பழகினால், நிஜமாக எது பிடித்தது என்பதே நமக்கு மறந்துவிடும்.

பிறகு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்: இந்த வருடம் அதிகம் கேட்டது எது? எந்த மொழி, எந்த வருடத்துப் பாட்டு என்பது முக்கியமில்லை. பாட்டி சொல்வது அறுபது வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். இந்த வருடம் ஏன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று மறக்காமல் கேளுங்கள்.