பழுது பார்த்தலும் பாடம் காத்தலும்

மட்டுநகர் இளைஞரிடையே அண்மைக்காலத்தில் ஒரு புதிய பழக்கத்தைக் காண்கின்றேன். மாலையிற் கல்லடிப் பாலத்தருகே உலாவும் மாணவர் சிலரின் மணிக்கட்டில், அவர்கள் பிறப்பதற்கு முன்னரே செய்யப்பெற்ற மணிக்கூடுகள் விளங்குகின்றன. நேரம் அறியக் கைத்தொலைபேசி உண்டு. அது தவறாது நேரம் காட்டும். அங்ஙனமிருக்க, முகத்திலே சிறு வட்டங்களும் விளிம்பிலே பொத்தான்களும் கொண்ட நாற்பதாண்டுப் பழைய 'குரோனோகிராப்' ஒன்றைத் தேடிப் பெற்று, பழுது பார்த்து அணிவது எதற்காக? இது வெறும் நாகரிக மயக்கம் என்று தள்ளிவிடலாம். யானும் ஒருகால் அவ்வாறே எண்ணினேன். ஆயின், இதனுள்ளே கல்வியாளர் கருதவேண்டிய ஒரு பெரும் வினா அடங்கியிருக்கின்றது.

முதலிற் பொருளை அறிவோம். 'குரோனோகிராப்' என்னும் சொல்லின் பகுதிகள் இரண்டும் கிரேக்க மொழிக்கு உரியன. 'காலத்தை எழுதுவது' என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. பாரிசு நகரிலே 1821இல் குதிரைப் பந்தயமொன்றின் நேரத்தைக் குறித்த இரியூசெக் என்பாரின் கருவி, சுழலும் தட்டின்மேல் மைத்துளியை இட்டு மெய்யாகவே காலத்தை எழுதிற்று. இன்று மை இல்லை. பொத்தானை அழுத்தின் முள் ஓடும்; மீண்டும் அழுத்தின் நிற்கும்; மற்றொன்றை அழுத்தின் தொடங்கிய இடத்துக்கு மீளும்.

குவார்ட்ஸ் என்பது ஒருவகைப் படிகக்கல். அதனை அழுத்தினால் மின் தோன்றும் என்பதை 1880இற் கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்டனர். மின்னூட்டினால் அக்கல் அதிரும் என்பது அதன் மறுதலை. மணிக்கூட்டினுள் இருக்கும் சிறு படிகம், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாம் காணும் இசைக்கவையின் வடிவினது. ஒரு செக்கனுக்கு 32,768 முறை அதிர்வது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கின் ஒன்று வரும். அந்த ஒன்றே செக்கன் முள்ளின் ஓரடி. இசை பயின்றோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. மேல்நிலைச் சட்சத்தின் மீடிறன் கீழ்நிலைச் சட்சத்தினதைப் போல் இருமடங்கு. ஆகவே படிகத்தின் அதிர்வு பதினைந்து நிலை கீழிறங்கி ஒரு செக்கனாகின்றது. சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகளார் பிறந்த நாடு இது. நிலாக்காலத்தில் மீன்பாடும் என்னும் புகழ் பெற்றது எமது வாவி. இம்மண்ணினர் இப்பொறியை வெறும் இரும்பென்று எண்ணுதல் தகாது.

யப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 திசம்பர் 25ஆம் நாள் விற்பனைக்கு வைத்த 'அஸ்ட்ரோன்' என்பதே உலகின் முதற் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். அதன் விலை 450,000 யென். ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலைக்கு நிகர். ஆயின், சில ஆண்டுகளில் விலை வீழ்ந்தது. வீழ்ந்த விலை சுவிற்சர்லாந்தின் பழந்தொழிலை உலுக்கிற்று. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேர் உழைத்த அத்தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் ஏறத்தாழ 30,000 பேர். நேரம் மலிந்தது, நேரம் செய்த கைகள் வேலை இழந்தன.

அக்காலத்திலேதான், 1983இல், சீக்கோவின் '7ஏ28' என்னும் பொறி வெளிவந்தது. முட்களோடு இயங்கிய முதற் குவார்ட்ஸ் குரோனோகிராப் அதுவே. நான்கு சிறு மோட்டார்களும் பதினைந்து மணிக்கற்களும் உடையது, உலோகத்தால் அமைந்தது, கழற்றித் துடைத்து எண்ணெய் இட்டு மீளப் பூட்டத்தக்கது. பிரித்தானிய விமானப்படையினர் 1984 முதல் இதனை அணிந்தனர். பின்வந்த மலிவான பொறிகள் பலவோ பழுதானால் எறிந்துவிட்டு வேறு பூட்டும் வகையின. செப்பஞ் செய்யத்தக்க பொருள், எறியத்தக்க பொருள் என்னும் பிரிவு அப்பொழுதே தொடங்கிவிட்டது.

இம்மணிக்கூடுகள் வாவிக்கரைக்கு வந்த வழியை யாவரும் அறிவர். 1980களிற் குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் உழைக்கச் சென்றோர், விடுமுறையில் வரும்போது சீக்கோவும் சிற்றிசனும் கட்டிவந்தனர். எனது அத்தானும் அவ்வாறு குவைத்திலிருந்து ஒரு குரோனோகிராப் கொண்டுவந்தார். பின்மூடியிலே தமது பெயரின் முதலெழுத்துக்களையும் '1986' என்ற ஆண்டையும் பொறிப்பித்திருந்தார். சித்திரை விழாவில் வாவியிலே தோணியோட்டம் நிகழுங்கால் நேரம் குறிப்பவர் அவரே. 1990இல் நாம் இடம்பெயர்ந்தபோது காணியுறுதிகளுடன் சேலைத்தலைப்பில் முடிந்து அக்கா காத்த பொருள் அது. 2004இன் கடற்கோளிலும் தப்பியது. அத்தான் காலமானபின் பெட்டகத்திற் கிடந்து, உள்ளே மின்கலம் கசிந்து நின்றுபோயிற்று.

மின்கலக் கசிவே இவற்றின் முதற்பகை. தீர்ந்த மின்கலத்தை உள்ளே விட்டுவைத்தால் அதன் காரம் மின்சுற்றை அரிக்கும். தலைமயிரினும் மெல்லிய கம்பிச்சுருளை அறுக்கும். எமது நாட்டில் உப்புக்காற்றும் சேரும். நீர்காக்கும் இரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால், துரு உட்புகுந்து ஒளிர்பூச்சைக் கருக்கும். ஆகவே, அணியாத மணிக்கூட்டின் மின்கலத்தை அகற்றி வைத்தலும், வளையத்தைக் காலத்தில் மாற்றுதலும் செலவில்லாத பெருங்காப்பு. இதனை அறியாது விட்டது எமது குற்றம்.

அடுத்த குற்றம் என்னுடையது. அக்காவை மகிழ்விக்க எண்ணி, வெளியூர்த் தொழிற்கூடம் ஒன்றுக்கு அதனை அனுப்பினேன். இரு திங்களில் அது புத்தம் புதிதாய் மீண்டது. முகத்துக்குப் புதுவண்ணம், முட்கள் வேறு. உருக்குடலை உராய்ந்து மெருகிட்டதிற் பின்மூடியின் எழுத்துக்கள் மறைந்தன. தோணியின் விளிம்பு பட்ட வடுவும் மறைந்தது. மணிக்கூடு ஓடிற்று. அக்கா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பின்பு, "தம்பி, இது அத்தானின் மணிக்கூடு இல்லை" என்று மேசைமேல் வைத்துவிட்டார். யான் மறுமொழி கூறிலேன்.

அன்றிரவு எனக்கு நினைவு வந்தவர் உ. வே. சாமிநாதையர். 1894இற் புறநானூற்றை அவர் பதிப்பித்தபோது ஏடுகளிற் சிதைவுகள் பல. 267, 268ஆம் பாட்டுகள் கிடைத்தில. வேறு பல பாட்டுகளில் அடிகளும் சீர்களும் இல்லை. அவற்றை இட்டு நிரப்பும் புலமை அவர்க்கு இல்லாமலில்லை; நிரப்பியிருப்பின் அக்காலத்தில் அறிவாரும் அரியர். ஆயினும், சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுச் சிதைவாகவே காட்டினார். இன்று நாம் அந்நூலை நம்பிக் கற்பதற்கு அப்புள்ளிகளும் ஒரு காரணம். ஏட்டைச் செல்லரியாமற் காப்பது தொண்டு. ஏட்டில் இல்லாததை எழுதிச் சேர்ப்பது இடைச்செருகல். மணிக்கூட்டுக்கும் நெறி அதுவே. கசிவைத் துடைப்பதும், அறுந்த சுருளை மாற்றுவதும், எண்ணெய் இடுவதும் மீட்பு. முகத்தை மாற்றி வரைவது இடைச்செருகல்.

இந்நெறி இன்று சந்தையிற் பெரிதும் மீறப்படுகின்றது. இந்தியாவின் எச்.எம்.ரி. கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் அந்நாட்டரசு முடிவு செய்தபின், அதன் சாவி கொடுக்கும் பழைய மணிக்கூடுகளுக்கு விருப்பம் மிகுந்தது. உடனே முகத்துக்குப் புதுவண்ணம் பூசிப் பழையதென விற்போரும் தோன்றினர். குவார்ட்ஸ் குரோனோகிராப்புகளுக்கும் அதே நிலை. ஒன்றை ஓடச்செய்ய வேறு இரண்டைப் பிரித்தெடுப்பர். அதனை மறைக்காது சொல்லி விற்றால் அது வணிகம். சொல்லாது விற்றால் அது பொய்.

பொருளைவிட வேகமாக அருகிவருவது தொழிலறிவு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி அற்று இறக்குமதிகள் தடைப்பட்டபோது, பழுது பார்க்கத் தெரிந்தவனின் அருமையை நாடு உணர்ந்தது. உணர்ந்ததை மறந்துவிடலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய ஒழுங்குவிதி, கருவிகளிலுள்ள சிறு மின்கலங்களைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்கவேண்டும் என்பதை 2027 பெப்ரவரி முதற் பொதுவிதியாக்குகின்றது. செல்வ நாடுகளே எறிவதை விட்டுச் செப்பஞ் செய்வதற்குத் திரும்பும்போது, நாம் எறியக் கற்பது பேதைமை. எமது பட்டினங்களில் எஞ்சியிருக்கும் முதிய மணிக்கூடு திருத்துநரிடம், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் இரண்டொருவரேனும் ஓராண்டு இருந்து பயிலட்டும்.

பழைய மணிக்கூடு அணியும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். அணியுங்கள், அணிவதே அதனைக் காக்கும் வழி. திருத்தக் கொடுக்கும்போது, எதனைத் தொடவேண்டாம் என்பதை முதலில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய உறுப்பைக் கேட்டு வாங்கி, ஒரு சிறு பொதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

யான் அதனைச் செய்திலேன். அக்காவின் மேசைமேல் அம்மணிக்கூடு இன்றும் பிழையின்றி ஓடுகின்றது. அதனை அணிவார் இல்லை.