எல்லைக்கோடும் நம் தலைக்கணக்கும்

2008 மறுவரையறையில் மும்பைத் தீவு நகரின் 17 சட்டமன்றத் தொகுதிகள் 10 ஆகச் சுருங்கின. புறநகர் 26 பெற்றது. தாராவி தனித்தொகுதியாகவே நீடித்தது. மாட்டுங்கா தொகுதி மறைந்து, சயான் கோலிவாடா தோன்றியது. தமிழரான தமிழ்ச்செல்வன் 2014-இல் வென்றது அங்கேதான்.

கோடு கிழித்தவர்கள் பார்த்தது வாக்காளர் பட்டியலை அல்ல; 2001 மக்கள்தொகைக் கணக்கை. அதில் கைக்குழந்தையும் ஒரு தலை. பட்டா இல்லாத குடிசைக்கும் இடமுண்டு. நடைபாதையில் உறங்குவோரையும் எண்ணுகிறார்கள். நம்மவரோ, கணக்கெடுப்பவர் வந்தால், "எங்களை ஊரில் எழுதிக்கொள்வார்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம். (ரேஷன் அட்டைக்கு மட்டும் முகவரி இங்கே!)

தோழர்களே, இங்கே உழைத்து இங்கே குடியிருக்கும் நாம் இங்கேயே பெயர் கொடுப்போம். ஓட்டு வேறு காரியம்: வீடு மாறியவர்கள் படிவம் 8-ஐத் தனியே நிரப்பித் தரவேண்டும்.