எந்த ஹைட்ரோகார்பன் என்று நீங்களும் கேளுங்கள்

அல்கேனையும் அல்கீனையும் பிரித்தறியும் புரோமின் நீர்ச் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். அல்கீனுடன் சேர்த்துக் குலுக்கினால் ஆரஞ்சுப் பழுப்பு நிறம் மறையும், அல்கேனுடன் மறையாது. இதற்கு ஹெக்சேனும் சைக்ளோஹெக்சீனும் வழக்கமாகப் பயன்படுகின்றன. திரவப் பாரஃபினும் லிமோனீனும் நமக்கு அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து.

முதல் காரணம் நம் வெப்பம். சிங்கப்பூரில் பகல் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஹெக்சேனின் ஆவியோ சுழியத்துக்கு 20 டிகிரிக்கும் கீழேயே தீப்பற்றக்கூடியது. அதை நீண்டகாலம் சுவாசித்தால் நரம்புகளும் பாதிக்கப்படும். லிமோனீன் தீப்பற்ற ஏறத்தாழ 48 டிகிரி வேண்டும். திரவப் பாரஃபினுக்கு 100 டிகிரிக்கும் மேல்.

இரண்டாவது காரணம், லிமோனீன் நாம் அறிந்த பொருள். தேக்கா சந்தையில் வாங்கும் ஆரஞ்சின் தோலை உரிக்கும்போது வரும் மணம் பெரும்பாலும் அதனுடையதே. 10 கார்பன், 16 ஹைட்ரஜன், இரண்டு இரட்டைப் பிணைப்புகள். வேறு எதுவும் இல்லை.

“அப்படியானால் சிராங்கூன் சாலைக் கடையில் கிடைக்கும் நல்லெண்ணெய் போதாதா?” என்று கேட்பீர்கள். அதுவும் புரோமின் நிறத்தைப் போக்கும். ஆனால் அதில் ஆக்சிஜன் இருப்பதால் அது ஹைட்ரோகார்பன் அல்ல, கற்பூரமும் அப்படியே. பெட்ரோல் பல பொருள்களின் கலவை. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அதில் இருக்கலாம். எனவே அது கூடவே கூடாது.

தேர்வில் ஹெக்சீன் பற்றித்தானே கேட்பார்கள் என்ற தயக்கம் வேண்டாம். வினைபுரிவது இரட்டைப் பிணைப்பு. அதைப் புரிந்துகொண்டால் எந்த அல்கீனுக்கும் விடை எழுதலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அல்கேனுடன் குலுக்கும்போது புரோமின் மேலடுக்குக்கு ஏறிவிடும். கீழே உள்ள நீர் வெளுத்ததைப் பார்த்து “நிறம் மறைந்தது” என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு அடுக்குகளையும் பாருங்கள். வெயில் படாத இடத்தில் செய்யுங்கள். ஒளி பட்டால் அல்கேனும் மெதுவாக வினைபுரியும்.

லிமோனீனும் தோலை உறுத்தும். புரோமின் நீர் அதைவிட ஆபத்தானது. ஆகவே இது வீட்டில் செய்யும் சோதனை அல்ல. ஆய்வகத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். அடுத்த முறை குப்பியைத் திறக்குமுன், “ஏன் இந்தப் பொருள்?” என்று அவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியும் வேதியியல்தான்.