படுக்கை எங்களுடையது, நாற்காலி யாருடையது?

“காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு.” அவ்வளவுதான் சொன்னான். மாத்திரை அட்டையைக் கையில் தரவில்லை. கண்ணாடி மேசைமேல் சரக்கென்று தள்ளிவிட்டான். மீதிச் சில்லறையும் அப்படியே. குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் களையெடுத்தே காலம் தள்ளிய என் அத்தை அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். சீனி வியாதிக்கு கிளிபென்கிளமைடு. மறுநாள் விடியுமுன் ஒன்றை முழுங்கிவிட்டு, கஞ்சிகூடக் குடிக்காமல் களைக்குப் போனாள். பத்து மணிக்கெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டி வரப்பில் சாய்ந்துவிட்டாள். பேய் அடிச்சிருச்சு என்றார்கள் பொம்பளைகள். ஒருத்தி மட்டும் தூக்குவாளியில் வைத்திருந்த கருப்பட்டிக் காப்பியைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

பேய் அடிக்கவில்லை தோழர்களே, மாத்திரை அடித்தது. அந்த மாத்திரை சர்க்கரையை இறக்கும். வயிற்றில் சோறு இல்லாவிட்டாலும் இறக்கும். “சாப்பிடாமப் போடாதீங்கம்மா” என்ற ஒரு வாக்கியம் அந்த மேசையைத் தாண்டி வரவில்லை.

இன்னொருவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டார். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் வாரமே மருந்தை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. சங்கரன்கோவில் புற்றுமண்ணை எப்படிப் பூச வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இருக்கிற ஊர் இது. மாத்திரைக்கு ஆள் இல்லை.

அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. கிளினிக்கல் பார்மசி. ‘கிளினிக்கல்’ என்ற சொல்லுக்குக் கிரேக்க வேர் ‘படுக்கை’. மருந்தை இடித்து, கலக்கி, எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். எந்த மருந்து எந்த மருந்தோடு மோதும், அளவு சரியா, இந்த ஆளால் இதை வாங்கித் தின்ன முடியுமா என்று பார்க்கிறான். மருத்துவர் எழுதியதில் தப்பிருந்தால் சொல்கிறான். 1966-ல் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது மாடியில் இதைச் செய்து பார்த்தார்கள். மறு வருஷம் அந்தப் பார்மசிக் கல்லூரிக்கு டீனாக வந்த ஜெரி கோயன் 1992 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நடுவில் 1979-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்துக்கே ஆணையராகப் போனார். அந்தப் பதவிக்குப் போன முதல் பார்மசிஸ்ட் அவர்தான். டீன் நாற்காலி வெறும் மரச்சாமான் இல்லை. பாடத்திட்டம் அங்கே முடிவாகிறது, வேலைக்கு எடுப்பது அங்கே முடிவாகிறது, ஒரு நாட்டின் மருந்துக்கொள்கை வரை அதற்குக் கை நீள்கிறது.

நம் நாட்டில் என்ன நடந்தது? பல்கலைக்கழகப் படிப்பாகப் பார்மசி பிறந்ததே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், 1932-ல், மகாதேவ லால் ஷ்ராஃப் கையால். ஊரைக் கவனியுங்கள், பேரைக் கவனியுங்கள். 1948-ல் பார்மசிச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறொருவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது அதன் 42-ஆம் பிரிவு. நம்ம ஊர்க் கடைகளில் அந்தப் பார்மசிஸ்ட் சுவரில் தொங்குகிறார், சட்டம் போட்ட சான்றிதழாக. ஆள் வேறெங்கோ இருப்பார். மாதாமாதம் வாடகை மட்டும் அவருக்குப் போகும்.

கிளினிக்கல் பார்மசி 1990களில் தமிழ்நாட்டில் கால் வைத்தது ஊட்டியில். சுத்தூர் மடத்தின் அறக்கட்டளை நடத்துகிற ஜே.எஸ்.எஸ். கல்லூரி அங்கேயும் மைசூரிலும் எம்.பார்ம். பார்மசி பிராக்டிஸ் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த மருத்துவமனைப் பார்மசிஸ்டுகள் துணை நின்றார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஊட்டியில் அந்தத் துறை இயங்கிய இடம் எது? அரசுத் தலைமை மருத்துவமனை. 2008-ல் ஆறு வருஷப் படிப்பாக ஃபார்ம்.டி. வந்தபோது 300 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும் என்று விதி வைத்தார்கள். சொந்தமாக மருத்துவமனை இல்லாத தனியார் கல்லூரி அரசு மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

அந்த 300 படுக்கையில் படுத்திருப்பது யார்? தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பது யார்? லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற கல்லூரியின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நம்ம சனத்தின் கேஸ்ஷீட்டைப் புரட்டி, நம்ம சனத்தின் உடம்பில் பாடம் படித்துவிட்டுப் போகிறார்கள். பாடம் படிக்கட்டும். உடம்பு எங்களுடையது என்றால் அந்தப் படிப்பை ஆளுகிற நாற்காலியில் எங்களுக்கு என்ன பங்கு?

இங்கேதான் சூட்சுமம். 93-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தனியார் கல்லூரிச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டுக்கு வழி விட்டது. தமிழ்நாடு 2006-ல் அதற்குச் சட்டமும் போட்டது. ஆக நம்ம பிள்ளை உள்ளே போகலாம், மாணவனாக. ஆனால் அரசு உதவி பெறாத கல்லூரியில் ஆசிரியர் நியமனத்துக்கு இட ஒதுக்கீடு கிடையாது. வாசற்படி வரைக்கும் அம்பேத்கர், வாசலைத் தாண்டினால் அறக்கட்டளை. இந்தப் படிப்போ பெரும்பாலும் தனியார் கையில். முதல்வர் ஆவதற்குப் பார்மசி கவுன்சில் 2014-ல் வைத்த தகுதி: எம்.பார்ம்., பி.எச்.டி., 15 வருஷ அனுபவம், அதில் 5 வருஷம் பேராசிரியராகவோ துறைத் தலைவராகவோ. அந்தச் சான்றை யார் கொடுப்பது? நிர்வாகம். யாரைப் பேராசிரியர் ஆக்குவது, யாரைக் கடைசி வரை விரிவுரையாளராக வைத்திருந்து சம்பளத்தையும் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்வது யார்? அதே நிர்வாகம். தாத்தா பேரில் கல்லூரி, மகன் தலைவர், மருமகன் தாளாளர். இதில் ‘திறந்த போட்டி’யாம்!

நான் வங்கிக் குமாஸ்தா. கல்விக்கடன் மனுக்கள் என் மேசை வழியாகப் போகின்றன. 2012-ல் வந்த அரசாணை 92 தனியார் கல்லூரியில் படிக்கிற தலித் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. 2017-ல் அரசாணை 51 வந்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை வெட்டிவிட்டது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலும் உதவி இல்லை. மிச்சத்துக்குக் கடன். வேலை கிடைத்ததும் தவணை தொடங்கும். அந்த நேரத்தில் “எம்.பார்ம். முடிச்சிட்டேன், பி.எச்.டி. போகணும்” என்கிற பையனிடம், “தம்பி, தவணை நிலுவையில இருக்கு” என்று சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்லியும் இருக்கிறேன். அவன் மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பை தூக்கப் போனான். ஒரு துறைத் தலைவர் அங்கேயே காணாமல் போனார்.

உடனே ‘தகுதி, திறமை’ என்று வருவார்கள். மருந்துக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் என்ன தொழில் செய்தார் என்று போய்ப் படியுங்கள். சித்த மருத்துவர். மேல்சாதிக்காரர்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். ஊருக்குப் பிள்ளை பிறக்கவைத்த மருத்துவச்சியை எந்தச் சாதியில் வைத்தீர்கள்? கை மட்டும் வேண்டும், கைக்கு உரியவள் வேண்டாம்.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதை வேறுவிதமாகப் பார்த்தார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். மூன்றே வருஷத்தில், 1868-ல், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பார்மசி சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1927-ல் நியூ ஆர்லியன்சின் சேவியர் கல்லூரியிலும் பார்மசி வந்தது. ஹோவர்டில் சான்சி கூப்பர் என்ற கறுப்பர் 1941-ல் டீனானார். முப்பது வருஷத்துக்கு இறங்கவில்லை. 1947-ல் கறுப்புப் பார்மசிஸ்டுகளுக்கென்று தேசியச் சங்கத்தையும் அவரே கட்டினார். கல்லூரி, நாற்காலி, சங்கம் மூன்றும் சேர்ந்தே வந்தன. வெள்ளைக்காரன் கடையில் வேலை கேட்டு நிற்பதோடு அவர்கள் முடித்துக்கொள்ளவில்லை.

நாம்? நம் இயக்கங்கள் ஐ.ஏ.எஸ். பற்றிப் பேசும், வக்கீல் பற்றிப் பேசும், டாக்டர் பற்றிப் பேசும். பார்மசியை ‘மருந்துக்கடை வேலை’ என்று ஒதுக்கிவிட்டோம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபப்பட்டாலும் பரவாயில்லை. சான்றிதழை வாடகைக்கு விடுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேரியில் ஒருத்தன் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். அவன் சான்றிதழ் தொங்குகிற கடையில்தான் என் அத்தைக்குச் சில்லறையை மேசையில் எறிகிறான் ஒருத்தன் என்றால், அந்த வாடகைக்குப் பேர் என்ன? தவணைக் கடன் அவனை அங்கே தள்ளுகிறது, தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

சங்கரன்கோவில் தனித்தொகுதி. மருந்துக்கடை மட்டும் எப்போதும் பொதுத்தொகுதி. 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சீனி மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லது. மாத்திரை தேடி வந்தது, பேச்சும் தேடி வரட்டும். அரசு மருத்துவமனைதோறும் கிளினிக்கல் பார்மசிஸ்ட் பதவி வேண்டும், அதில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18 சதம் பட்டியல் சாதியினருக்கும் 1 சதம் பழங்குடியினருக்கும் வேண்டும். அரசுப் படுக்கையைப் பயன்படுத்துகிற கல்லூரி எதுவானாலும் ஒப்பந்தத்திலேயே ஆசிரியர் இட ஒதுக்கீட்டை எழுத வேண்டும். எங்கள் படுக்கை இலவசம் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொரு ஆசிரியரின் சமூகப் பிரிவையும் கல்லூரிகள் நிரப்பித்தான் அனுப்புகின்றன. எழுத்தில் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: இணைவு பெற்ற பார்மசிக் கல்லூரிகளில் முதல்வர் எத்தனை பேர், பார்மசி பிராக்டிஸ் துறைத் தலைவர் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதி எத்தனை, அருந்ததியர் எத்தனை, பழங்குடி எத்தனை, பெண்கள் எத்தனை. ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வருகிற பதிலை, வராவிட்டால் மனு நகலை, இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். கல்லூரிவாரியாக அச்சிடுவோம்.