யார் வீட்டுத் தொட்டில்?



கருவிலிருக்கும்போதே போதைப்பொருளின் தாக்கத்துக்கு உள்ளாகும் குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டால், "அது சேரிகளில் நடப்பதன்றோ!" என்று சொல்லி நகர்ந்துவிடுவோர் பலர். முறையாக எண்ணிப் பார்த்தவர்கள் கண்டதோ வேறு.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பினெல்லஸ் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே 1989-ஆம் ஆண்டில், கருவுற்று மருத்துவரை நாடிய 715 பெண்களின் சிறுநீரை டாக்டர் ஐரா சாஸ்னாஃப் குழுவினர் சோதித்தனர். மது, கஞ்சா, கொக்கேய்ன், அபின் வகை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் அடையாளம் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் காணப்பட்டது. அரசு மருத்துவ நிலையங்களுக்கு வந்தோருள் 16.3 விழுக்காடு, தனியார் மருத்துவரிடம் சென்றோருள் 13.1 விழுக்காடு. வெள்ளையருள் 15.4, கறுப்பினத்தவருள் 14.1. பெரிய வேறுபாடு எதுவுமில்லை. ஆயினும், அதிகாரிகளிடம் அறிவிக்கப்பட்ட விகிதமோ, வெள்ளையரைவிடக் கறுப்பினத் தாய்மாருக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு! பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. பழி மட்டும் சில வாசல்களைத் தேடிச் சென்றது.

பின்னர் அந்நாட்டில் அபின் சார்ந்த வலி மாத்திரைகளும் பெருகின. பிறந்தபின் போதை விலகும் வேதனைக்கு ஆளான குழந்தைகள் 2000-இல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்தனர். 2012-இல் அது 5.8 ஆயிற்று. தொப்புள்கொடி அறுபட்டதும், தாயின் இரத்தம் வழியே வந்த மருந்து நின்றுவிடுகிறது. குழந்தை நடுங்குகிறது, வீறிட்டு அழுகிறது, பால் குடிக்கவும் உறங்கவும் இயலாமல் தவிக்கிறது.

இதற்கு முதல் மருந்து எது? தாயின் மடியே. அமெரிக்காவின் 26 மருத்துவமனைகளில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வொன்று இதனை மெய்ப்பித்தது. அணைத்தல், பாலூட்டல், அமைதியான அறை ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட பராமரிப்பில் குழந்தைகள் ஏறத்தாழ 8 நாளில் வீடு செல்லும் நிலையை எய்தினர். பழைய முறையில் 15 நாளாயிற்று.

ஆதலின், பழிச்சொல் செய்யும் தீங்கை எண்ணிப் பாருங்கள். அஞ்சிய தாய் மருத்துவரிடம் உண்மையை மறைக்கிறாள். அபின் வகைக்கு அடிமையானவள், தானாகவே திடீரென நிறுத்துவதும் கருவுக்கு ஆபத்து; மருத்துவர் மேற்பார்வையில் மெத்தடோன் போன்ற மாற்று மருந்து பெறுவதே பாதுகாப்பு. மதுவுக்கோ, கருவுற்ற காலத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவேயில்லை.

இத்தகைய தாயொருத்தி உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இருப்பின், வம்பு பேசாதீர்கள். உடன் நடந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவளைக் காப்பதே குழந்தையைக் காக்கும் வழி.