சிறுநீரகச் சீட்டும் கொதிப்பு மாத்திரையும்

இம்முறை நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

புக்கிட் தெங்கா என்றதும் இன்று பலருக்குத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். ஆனாலும் பால்மரம் வெட்டி ஓய்ந்த கைகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். வயது 67. மலாய்க் கடிதமோ, மின்சார பில்லோ, எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார். சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் கொண்டு வந்தது இரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"வாத்தியாரே, இதுல ஒரு வரியில மட்டும் தனியா ஓர் எழுத்துப் போட்டிருக்கு. என்னான்னு பாருங்க."

கிரியாட்டினின் என்ற வரியில் 115 என்றிருந்தது. பக்கத்தில் 'எச்' என்ற எழுத்து. அளவுக்கு மேல் என்று பொருள். முந்திய சீட்டில் அது 98.

"கிட்னி கணக்கு ஏறியிருக்கு மாமா" என்றேன்.

"ரெண்டு வாரத்துக்கு முந்திதான் கொதிப்புக்குப் புது மாத்திரை கொடுத்தாங்க. அப்ப அதுதான் கிட்னியைக் கெடுக்குது!" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது.

மூன்று வாரம் கழித்துத் தலை சுற்றுகிறது என்று அவரை மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கொதிப்பு 184க்கு 102. மாத்திரையை அன்றைக்கே நிறுத்தியிருக்கிறார். யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டதற்கு, "எங்க வாத்தியாரு சீட்டைப் பார்த்துச் சொன்னாரு" என்றாராம். நான் நிறுத்தச் சொல்லவில்லைதான். ஆனால் தெரியாததைத் தெரிந்தவன் போலப் படித்துக் காட்டினேன். அதுவும் குற்றமே. அடுத்த முறை அவரோடு நானும் போனேன். அங்கே கேட்டதையும் பிறகு படித்துத் தெளிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நம் தசைகள் நாள்தோறும் வெளிவிடும் ஒரு கழிவுதான் கிரியாட்டினின். வடிகட்டி நன்றாக வேலை செய்தால் அது சிறுநீரோடு போய்விடும். வேலை குறைந்தால் இரத்தத்தில் தேங்கும். ஆனால் தசை மிகுந்த வாலிபனுக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மெலிந்த பாட்டிக்கோ, சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் குறைவாகத் தோன்றலாம். ஆகவே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று வேறோர் எண்ணும் தருகிறார்கள். இது வடிகட்டும் திறனின் அளவு. 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 15க்குக் கீழே போனால் சிறுநீரகம் செயலிழந்த நிலை. ஒரே ஒரு சீட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது இதிலேயே விளங்குகிறதல்லவா?

இனி மாத்திரைக்கு வருவோம். உங்கள் மாத்திரையின் பெயர் 'பிரில்' என்றோ 'சார்டான்' என்றோ முடிகிறதா என்று பாருங்கள். பெரிண்டோபிரில், எனாலாபிரில், லோசார்டான், வால்சார்டான் எல்லாம் இவ்வகை. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த வழி இது. அதன் பயனாக வந்த முதல் மாத்திரையான காப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மாத்திரைகள் உடலின் கொதிப்பைக் குறைப்பதோடு, வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணிக்கின்றன.

என் தகப்பனார் பால் ஸ்டோரில் வாளியைச் சாய்த்துச் சல்லடையில் பால் ஊற்றுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வேகமாகக் கவிழ்த்தால் சீக்கிரம் இறங்கும். ஆனால் நாளடைவில் சல்லடை பிய்ந்து போகும். நிதானமாக ஊற்றினால் நேரம் பிடிக்கும், சல்லடை நிலைக்கும். இங்கும் அப்படித்தான். அழுத்தம் தணிந்ததும் வடிவது சற்றுக் குறைகிறது. கிரியாட்டினின் சற்று ஏறுகிறது. பெரும்பாலும் அது பழுது அல்ல, மாத்திரை வேலை செய்வதன் அடையாளம்.

அப்படியானால் எவ்வளவு ஏறலாம்? பழைய எண்ணிலிருந்து நூற்றுக்கு 30 வரை பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். பெரியவரின் 98க்கு அது ஏறத்தாழ 127. அவருக்கு ஏறியது 17தான். 30க்கு மேல் ஏறினால் காரணம் தேட வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கலாம். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். அதைக் கண்டுகொள்ளத்தான் மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரங்களில் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள்.

சீட்டில் இன்னும் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். முதலாவது பொட்டாசியம். 3.5 முதல் 5 வரை இயல்பு. இம்மாத்திரைகள் அதைக் கொஞ்சம் ஏற்றக்கூடும். 5.5ஐத் தாண்டினால் தாமதிக்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்; மிக அதிகமானால் இருதயத் துடிப்பே தடுமாறும். உப்புக்குப் பதிலாக என்று கடையில் விற்கும் சில தூள்களில் இருப்பது பொட்டாசியமே. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பொட்டாசியம் ஏறியவர்கள் இளநீரையும் வாழைப்பழத்தையும் பற்றிக் கேட்டறிவது நல்லது.

இரண்டாவது, சிறுநீரில் புரதம். வடிகட்டி ஓட்டை விழுவதை முதலில் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இதுவே. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இச்சோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேண்டும். புரதம் கசிபவர்களுக்கு மேற்சொன்ன மாத்திரைகளே பாதுகாப்பு. கெடுக்கிறது என்று பெரியவர் நிறுத்தினாரே, அந்த வகைதான் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுப்பதும்!

மேலும் மூன்று எச்சரிக்கைகள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்குவது, இம்மாத்திரையோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் திடீரென்று வீழ்த்தக்கூடும். கடும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டால் அன்றே டாக்டரைக் கேளுங்கள்; சில நாள் நிறுத்தச் சொல்லலாம். கர்ப்பமான பெண்களுக்கு இவ்வகை மாத்திரை ஆகாது. குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் யாரோ ஒருவர் கதை அல்ல. நம் நாட்டுப் பெரியவர்களிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் 2011இல் நூற்றுக்கு 9 பேருக்கு இருந்தது. 2018இல் 15 பேருக்கு மேல் என்று ஆய்வு காட்டியது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. வலிக்காதே!

பெரியவருக்கு என் பள்ளி மாணவர்கள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். தேதி, கொதிப்பு, கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம், சிறுநீர்ப் புரதம் என்று ஆறு பத்தி. மாத்திரையை டாக்டர் மறுபடி தொடங்கினார். அடுத்த சோதனையில் கிரியாட்டினின் 112. கொதிப்பு 136க்கு 80. இப்போதும் சீட்டோடு வருகிறார். நான் எண்களை நோட்டில் எழுதிக் கொடுப்பதோடு சரி.

"இதுக்கு என்னா அர்த்தம் வாத்தியாரே?" என்று கேட்டால், "அதை டாக்டர்கிட்ட கேப்போம் மாமா. அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய சீட்டுகள் எங்காவது கிடக்கும். இன்றைக்கே தேடி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் மறவாமல் கொண்டு போங்கள்.